பலகை மாட்டினால் பசுமை வந்துவிடாது

ஆசிரியருக்கு,

நாகர்கோவிலில் ஒரு பெரிய கட்டடத்தில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் 'பசுமைக் கட்டடம்' என்று வாசலில் பலகை மாட்டும் நாளில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாளிலிருந்து அது எங்கள் தலையில். மொட்டைமாடி சோலார் பேனலில் கடல்காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று படிகிறது, விரலால் இழுத்தால் கோடு விழும், விடியற்காலையில் பேனல் சூடேறும் முன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் மின்சாரம் முழுசாகக் கிடைக்கும், அதற்கு ஆள் கேட்டால் 'பட்ஜெட்டில் இல்லையே' என்கிறார்கள்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். சரி, நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் போன ஐப்பசியில் வடிகட்டித் தொட்டியைத் திறந்தால் உள்ளே மாவிலையும் சேறும்தான். மழைத்தண்ணீர் பூராவும் நேராக ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஏசி. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எத்தனை ஸ்டார் போட்ட ஏசியாக இருந்தாலும் கரண்டைக் குடிக்கத்தான் செய்யும்.

வரைபடம் போடும்போதே எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பேனலைக் கழுவ நிற்கக்கூட எங்கள் மாடியில் இடம் விடவில்லை.

– ஒரு பராமரிப்புப் பொறியாளர், நாகர்கோவில்