ஜப்பான் வர்றவங்களுக்கு இதையும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜப்பான்ல ஐடி வேலைக்கு வர்றவங்களுக்குன்னு விசா, சம்பளம், வீட்டு வாடகை எல்லாம் விவரமா உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, ஊர்ல இருந்து என் தங்கச்சி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா. நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா ரோட்ல போலீஸ் நிறுத்தறத பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் இங்க வந்து 11 வருஷம் ஆச்சு, டோக்கியோவுக்கு பக்கத்துல குடும்பத்தோட இருக்கேன், இதுவரைக்கும் 9 தடவை என்னை நிறுத்தியிருக்காங்க, அதனால தான் எழுதறேன்.

போன மாசம் நடந்தத சொல்றேன். சாயங்காலம் நானும் என் பையனும் பேட்மின்டன் முடிச்சிட்டு சைக்கிள்ல வந்துட்டு இருந்தோம், சிக்னல்ல எங்க கூட ஒரு இருபது சைக்கிளாவது நின்னிருக்கும், பச்சை விழுந்ததும் எல்லாரும் போயிட்டாங்க எங்க ரெண்டு பேர மட்டும் ஓரமா வர சொன்னாங்க. இங்க ஒவ்வொரு சைக்கிளுக்கும் போலீஸ் பதிவு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கணும், அத ஒருத்தர் வயர்லெஸ்ல படிச்சு யார் பேர்ல இருக்குன்னு கேட்டாரு, இன்னொருத்தர் என்னோட ஸைர்யூ கார்ட (இங்க தங்கியிருக்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு கவர்மெண்ட் குடுக்கற அடையாள அட்டை) வாங்கி முன்னாடியும் பின்னாடியும் பார்த்தாரு. அப்புறம் பைய திறக்க சொன்னாரு. ராக்கெட்டு, ஈரத்துண்டு, காலி டிபன் பாக்ஸ். பதினஞ்சு நிமிஷம். என் பையன் கூட படிக்கற பொண்ணோட அம்மா அந்த பக்கமா போனாங்க, பார்த்துட்டு தலைய திருப்பிக்கிட்டாங்க. பையன் இங்கயே வளர்ந்தவன், ஜப்பானிய மொழி அவங்க மாதிரியே பேசுவான், ஏன் எங்கள மட்டும் நிறுத்தினீங்கன்னு மரியாதையா தான் கேட்டான். இந்த ஏரியால சைக்கிள் திருட்டு ஜாஸ்தின்னு பதில் வந்துச்சு. கடைசில தலை குனிஞ்சு நன்றி சொல்லி அனுப்பி வச்சாங்க.

ஒருத்தரும் குரல உயர்த்தல, அத ஒத்துக்கறேன். இதே ஊர்ல ட்ரெயின்ல விட்ட என் பர்ஸ கோபான்ல (தெருமுனைல இருக்கற சின்ன போலீஸ் பூத்) பத்திரமா வச்சிருந்து ஒரு யென் குறையாம திருப்பி குடுத்தாங்க. அந்த நன்றி எனக்கு இன்னைக்கும் இருக்கு. ஆனா அந்த பர்ஸ வாங்கப் போன அன்னைக்கு நான் எந்த மனுஷனோ அதே மனுஷன் தான சிக்னல்லயும் நின்னேன்?

சட்டத்துல ரெண்டு விஷயம் இருக்கு, நம்ம ஆளுங்க பல பேருக்கு அது தனித்தனியா தெரியறதில்ல. ஒண்ணு, 16 வயசுக்கு மேல இருக்கற வெளிநாட்டுக்காரங்க எப்பவும் அந்த கார்ட கையில வச்சிருக்கணும், போலீஸ் கேட்டா காட்டியே ஆகணும். வீட்ல மறந்து வச்சிட்டு வந்தாலே 2 லட்சம் யென் வரைக்கும் அபராதம் போடலாம், நம்ம காசுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல. கையில இருந்தும் காட்ட மாட்டேன்னா ஜெயில் வரைக்கும் போகலாம். இன்னொண்ணு, 1948ல போட்ட போலீஸ் கடமை சட்டம். ஒருத்தரோட நடத்தையில ஏதாவது வித்தியாசம் இருந்து நியாயமான சந்தேகம் வந்தா நிறுத்தி விசாரிக்கலாம்னு அதுல இருக்கு, பதில் சொல்ல சொல்லியோ ஸ்டேஷனுக்கு வர சொல்லியோ கட்டாயப்படுத்த முடியாதுன்னும் இருக்கு. சிக்னல்ல பச்சைக்கு நின்னதுல என்ன வித்தியாசம் இருந்துச்சு, மூஞ்சிய தவிர?

இது என் ஒருத்தன் புலம்பல் இல்ல. 2021 டிசம்பர்ல இங்க இருக்கற அமெரிக்க தூதரகமே தன்னோட குடிமக்கள எச்சரிச்சுது, வெளிநாட்டுக்காரங்கள இனத்த வச்சு நிறுத்தறதா புகார் வருதுன்னு. 2022ல டோக்கியோ வக்கீல்கள் சங்கம் வெளிநாட்டு பின்னணி உள்ளவங்ககிட்ட சர்வே எடுத்தப்ப, பதில் சொன்னவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல அஞ்சு வருஷத்துக்குள்ள போலீஸ் விசாரிச்சிருக்குன்னு வந்துச்சு. 2024 ஜனவரில மூணு பேர் சேர்ந்து டோக்கியோ மாவட்ட கோர்ட்ல கேஸ் போட்டாங்க. அதுல ஒருத்தர் இந்திய வம்சாவளி. இன்னொருத்தர் ஜப்பான் குடியுரிமையே வாங்கினவர், குடியுரிமை வாங்கிட்டா ஸைர்யூ கார்டே கிடையாது, அவர்கிட்ட போய் கார்டு கேட்டா அவர் எத காட்டுவாரு?

இங்க ஒண்ணு சொல்லணும், சொல்லாம விட்டா மனசு கேக்காது. 2012ல வேளச்சேரி என்கவுண்டருக்கு (பேங்க் கொள்ளை சந்தேகத்துல வடமாநிலத்துக்காரங்க அஞ்சு பேர போலீஸ் சுட்டது) அப்புறம் சென்னைல வாடகைக்கு இருக்கறவங்க விவரத்த வீட்டுக்காரங்க போலீஸ்ல குடுக்கணும்னு உத்தரவு வந்துச்சே, அப்ப எங்க மாடில பீகார் பசங்க நாலு பேர் குடியிருந்தாங்க. அந்த ஃபாரத்த அப்பா சொல்லி நான் தான் எழுதினேன். அதுக்கு முன்னாடி அதே மாடில மதுரைக்கார குடும்பம் இருந்தப்ப அவங்களோட ஊர் அட்ரஸ் கூட நாங்க கேட்டதில்ல. அந்த பசங்க போட்டோவ எடுத்து குடுத்துட்டு தரைய பார்த்துட்டு நின்னாங்க. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல. சிக்னல்ல என் பையன் தரைய பார்த்துட்டு நின்னப்ப தான் அந்த நாலு பேரும் ஞாபகத்துக்கு வந்தாங்க.

சரி, புதுசா வர்றவங்களுக்கு தயவுசெஞ்சு இத போடுங்க. குப்பை போட கீழ இறங்கினா கூட கார்டு பாக்கெட்ல இருக்கட்டும். பழைய சைக்கிள ஃப்ரெண்டுகிட்ட வாங்கினா பதிவ உடனே உங்க பேருக்கு மாத்துங்க, இல்லன்னா திருட்டு சைக்கிளான்னு தான் விசாரணை போகும். பழம் வெட்டற கத்தி, மல்டி டூல் எதையும் பைல போட்டுட்டு சுத்தாதீங்க, காரணம் இல்லாம வச்சிருந்தா அதுவே கேஸ் ஆகலாம். நிறுத்தினா அமைதியா கார்ட காட்டுங்க, எதுக்காக நிறுத்தினீங்கன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. பைய காட்டறது உங்க சம்மதத்துல தான். ஒருவேளை கைது வரைக்கும் போயிட்டா, இங்க குற்றப்பத்திரிகை போடறதுக்கு முன்னாடியே ஒரு கேஸுக்கு 23 நாள் வரைக்கும் உள்ள வச்சிருக்க முடியும், அதனால முதல் வேலையா இந்திய தூதரகத்துக்கு சொல்ல சொல்லுங்க, டோபான் பெங்கோஷி (அன்னைக்கு முறையில இருக்கற வக்கீல்) வேணும்னு கேளுங்க, அந்த வக்கீல் முதல் தடவை காசு வாங்காம வந்து பார்ப்பாரு.

என் பையன் இப்பல்லாம் கோபான் இருக்கற ரோட்ட விட்டுட்டு ரெண்டு தெரு சுத்தி தான் பேட்மின்டனுக்கு போறான், ஏன்னு நான் கேக்கல. வர்ற மே மாசம் அவனுக்கு 16 முடியுது, புது கார்டுக்கு போட்டோ எடுக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஜப்பானிலிருந்து