அரத்தால் அழியும் சால்டரிங் பிட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மின்னணுப் பயிற்சியை முடித்துவிட்டு அண்மையில் என்னிடம் வேலை பழக வந்த தம்பி ஒருவர், முதல் நாள் காலையில் சால்டரிங் ஸ்டேஷனைப் போட்டதும் மேசை மேல் எதையோ தேடினார். என்னவென்று கேட்டபோது, "அரம் எங்கே அண்ணே? பிட் கறுத்துக் கிடக்கிறது, தீட்டிவிடுகிறேன்" என்றார். மின்னணுப் போர்டில் உதிரிகளை ஈயம் உருக்கி ஒட்டும் கருவிதான் சால்டரிங் ஸ்டேஷன்; அதன் சூடாகும் முனையே பிட். அந்தத் தம்பியைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அப்படித்தான் கற்றுத் தந்திருக்கிறார்கள். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளில் என்னைப் போன்று கடை நடத்தும் நண்பர்கள் பலரின் மேசையிலும் அந்த அரத்தை நான் பார்த்திருப்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தக் காலத்துச் சால்டரிங் அயர்னில் இருந்தது வெறும் செம்புப் பிட். நாங்கள் ஈயம் என்று சொல்லும் சால்டரில் செம்பு கரையும். ஆகவே முனை குழிந்து போகும்போதெல்லாம் அதை அரத்தால் சீவிச் சரிசெய்வது அன்றைக்கு முறையான வேலையாகவே இருந்தது. இன்று ஸ்டேஷன்களில் வரும் பிட் அப்படிப்பட்டதன்று. வெப்பத்தைக் கடத்த உள்ளே செம்பு, அந்தச் செம்பை ஈயம் தின்றுவிடாமல் காக்க அதன் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு, ஈயம் மேலேறிப் பரவாதிருக்க முனைக்குப் பின்னால் குரோமியப் பூச்சு என்று அடுக்கடுக்காகச் செய்யப்பட்டது அது. அரத்தை நாலு முறை இழுத்தால் முனையிலிருக்கும் இரும்பு போய்விடும். தீட்டிய அன்று பிட் பளபளவென்றுதான் இருக்கும். சில நாள் கழித்து உருப்பெருக்கியில் பார்த்தால், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளையும், அதற்குள்ளே சொத்தைப் பல்லைப் போல அரித்துப்போன செம்பும் தெரியும். அதன் பிறகு அந்தப் பிட்டைக் காப்பாற்ற வழியில்லை. உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் இதே கதிதான்.

அப்படியானால் பிட் ஏன் கறுக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் அதிக வெப்பமே. 60/40 ஈயம் (60 விழுக்காடு வெள்ளீயம், 40 விழுக்காடு காரீயம் கலந்தது) 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். அதற்கு 320 முதல் 350 டிகிரி வரை வைத்தால் தாராளம். ஆனால் பல கடைகளில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் 450-இல் நிற்கிறது. வேலை இல்லாத நேரத்திலும் அப்படியே நிற்கிறது. அந்த வெப்பத்தில் முனையிலுள்ள ஈயமும் இரும்பும் காற்றுப்பட்டுக் கறுத்து, புதிய ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. ஒட்டவில்லையே என்று இன்னும் சூட்டை ஏற்றுகிறோம். அது இன்னும் கறுக்கிறது.

சூட்டை ஏற்றத் தூண்டும் இன்னொரு பொருள், ஸ்டேஷனோடு சேர்ந்து வரும் ஊசிமுனைப் பிட். அதன் நுனி, போர்டில் உதிரியின் கால் ஒட்டும் செம்புப் பரப்பான பேடைத் தொடும் இடம் மிகச் சிறிது என்பதால் வெப்பம் இறங்குவதில்லை. அதே இடத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் உளிமுனைப் பிட்டை வைத்துப் பாருங்கள். 330 டிகிரியிலேயே ஈயம் தண்ணீர் போல ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை 1 முதல் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பின்னர், இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலானவை காரீயம் இல்லாத கலவையால் ஒட்டப்பட்டவை. அது உருகுவதற்கே சுமார் 217 டிகிரி வேண்டும். தவிர, அதில் வெள்ளீயம் 95 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கிறது. இரும்புப் பூச்சைக் கரைப்பது வெள்ளீயமே ஆகையால், அந்த வேலைக்கென ஒரு பிட்டைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

துடைப்பதற்கு நான் வைத்திருப்பது பித்தளைச் சுருள். ஸ்பாஞ்சில் துடைப்பதும் தவறில்லை. ஆனால் அது சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது, பிழிந்த ஈரம் போதும். எங்கள் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பானது. அந்த உப்பு பிட்டின் மேல் படிந்துவிடும். எனவே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை நனைக்கிறேன். தகர வேலைக்கான அமிலப் பேஸ்டை மின்னணு வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம்; அது பிட்டையும் அரிக்கும், போர்டையும் அரிக்கும். ஸ்டேஷனை அணைப்பதற்கு முன் முனையைத் துடைக்காமல், அதன் மேல் தாராளமாக ஈயம் பூசி அப்படியே ஆறவிட வேண்டும். மறுநாள் அந்த ஈயத்தைத் துடைத்தால் கீழே முனை வெள்ளி போல இருக்கும். இப்படிப் பேணிய ஒரு பிட் என்னிடம் இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது.

ஸ்டேஷன் வாங்குபவர்கள் வாட் எண்ணையும் டிஜிட்டல் திரையையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானிய நிறுவனமான ஹாக்கோவின் 936 மாதிரியைப் பின்பற்றி வரும் மலிவான ஸ்டேஷன்களில் ஹீட்டரும் பிட்டும் தனித்தனியானவை. பிட் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியால் வெப்பம் தாமதமாகவே வந்து சேரும். அதே நிறுவனத்தின் டி12 வகையில் ஹீட்டரும் வெப்பம் அறியும் உணரியும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால், கனமான செம்புப் பரப்பில் வைத்தாலும் சூடு உடனே மீள்கிறது. குமிழை ஏற்ற வேண்டிய தேவையே வருவதில்லை. வேலை அதிகம் உள்ளவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். எதுவானாலும், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பிட் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஓம்களுக்கு மேல் காட்டினால் அதை வாங்க வேண்டாம். திரையில் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். குமிழைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, 60/40 கம்பி முனையில் எப்போது உருகத் தொடங்குகிறது என்று கவனித்தால் வேறுபாடு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

இப்போதைக்கு ஸ்டேஷன் வாங்க இயலாமல் 25 வாட் அயர்னிலேயே வேலை செய்பவர்கள், அதைத் தாங்கியில் வைத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு 1என்4007 டையோடு தொடராக வருமாறு சுவிட்சு அமைத்துக்கொள்ளலாம். மின்திறன் பாதியாகக் குறைந்து பிட் கறுக்காது. இணைப்புகள் 230 வோல்ட் மின்சாரத்தில் இருப்பவை. ஆகையால் நன்கு மூடிய பெட்டிக்குள் அமைக்க வேண்டும்.

ஒரு பிட்டுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகும் விசைப்படகு ஒன்றிலிருந்து ஒரு வயர்லெஸ் செட் என்னிடம் வந்தது. வேறொரு கடையில் ஆன்டெனா சாக்கெட்டை மாற்றியிருந்தார்கள். கரையில் வைத்துப் பேசினால் தெளிவாகக் கேட்டது. கடலில் இன்ஜின் அதிர்வில் மட்டும் விட்டுவிட்டுப் போனது. திறந்து பார்த்தபோது சாக்கெட்டின் கிரவுண்டு காலைச் சுற்றி ஈயம் மங்கலாக, குமிழ் போல உட்கார்ந்திருந்தது. சிறு குச்சியால் தள்ளியதும் கால் அசைந்தது. அரித்துப்போன முனையால் அவ்வளவு பெரிய செம்புப் பரப்பைச் சூடாக்க முடிந்திருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலைக் கண்ட எங்கள் கடற்கரையில், அந்தச் செட் பேச வேண்டிய நேரத்தில் பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புதிய உளிமுனைப் பிட்டைப் பெயர் எழுதிய உறையில் போட்டுக் கொடுங்கள். அரத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். செய்முறைத் தேர்வு நாளில் மாணவர் ஒட்டிய போர்டோடு அந்தப் பிட்டையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுச் சாதனப் பழுதுபார்ப்பாளர் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.