மேல் வீட்டு அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் தங்கையின் பாப்பா 38 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் அவள் அழுகிறாள். போய்த் தூக்க வேண்டும்தான், ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை. தங்கை சிரிக்கிறாள், பாப்பா பால் குடிக்கிறாள், ராத்திரியில் நாங்கள் முறை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறோம். எனக்கு அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கேட்டதும் ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்கள், வேலை முடிந்ததும் பெயரைக்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போனவர்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தவர்கள். நேரம் காலம் பார்க்காமல் வண்டி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். என் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் படுக்க வைத்துக்கொண்டவர்கள். "பதில் போட வேண்டாம், நினைச்சுக்கிட்டே இருக்கோம்" என்று மட்டும் செய்தி அனுப்பியவர்கள். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், நர்ஸ்கள். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

இங்கே ஒருவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். எங்கள் மேல் வீட்டு அக்கா. அவர் செய்த உதவி ஒரு கேக் சம்பந்தப்பட்டது. ரத்தம் கொடுத்தவர்கள் இருக்கும்போது கேக்கைப் பற்றி எழுதுகிறாளே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த 38 நாளில் நான் ஒரு முறைகூட அழவில்லை. தங்கை முன்னால் அழக் கூடாது, அம்மா முன்னால் அழக் கூடாது என்று அடக்கியே வைத்திருந்தேன். அது உடைந்தது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியில்தான்.

பாப்பா வீட்டுக்கு வருகிற அன்று என் கையால் கேக் செய்து வைப்பேன் என்று தங்கை கர்ப்பமாக இருந்தபோதே சொல்லியிருந்தேன். அப்புறம் நடந்தவற்றில் அந்தப் பேச்சே வரவில்லை. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நாள் சொன்ன அன்று போன் செய்தாள். முதலில் அதைச் சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, கேக் உண்டா?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

கேக் சுடுவது எனக்குப் பழக்கம்தான். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தேய்த்துக் கேக் மேல் போட்டு மூடுவதுதான் புதிது. மார்ஷ்மெல்லோ 450 கிராம் உருக்கி, ஐசிங் சுகர் 900 கிராம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நானே பிசைந்தேன். கடைசிக் கைப்பிடி சேரும்போது தோள்பட்டை வலி எடுத்துவிடும், அவ்வளவு இறுகும். முதலில் தனியாக ஒரு உருண்டை எடுத்து அதில் சிஎம்சி பவுடர் கலந்து, கேக் மேல் வைக்கிற பாப்பா காலணிகளைச் செய்தேன். அந்தப் பவுடர் சேர்த்தால்தான் காய்ந்தபின் கெட்டியாக நிற்கும்.

காலணிக்கு அளவு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் என் கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தார். பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தது, ஒன்று குதிகால், ஒன்று கட்டைவிரல். நடுவில் ஆறு சென்டிமீட்டர், என் சுண்டுவிரல் நீளம். அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துத்தான் அடிப்பாகம் வெட்டினேன். முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை, உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூன்று நாள் காயவிட்டேன். நர்ஸம்மா, அந்தக் காகிதம் இப்போது பாப்பாவின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

எட்டு அங்குல கேக், நான்கு அங்குல உயரம். வெள்ளைச் சாக்லேட்டில் கனாஷ் (க்ரீம் கலந்த சாக்லேட் பூச்சு) செய்து, மேலேயும் பக்கவாட்டிலும் பூசி, சுற்றிலும் நேராக வழித்து இறுகவிட்டிருந்தேன். மேல்பரப்புக்கு எட்டு, இரண்டு பக்கத்துக்கும் நான்கு நான்கு, ஆக 16 அங்குலம், பிடிமானத்துக்கு இன்னும் இரண்டு என்று கணக்குப் போட்டு இளம் மஞ்சள் ஃபாண்டன்டைத் தேய்த்தேன். மஞ்சள் தங்கை கேட்ட நிறம். நல்லபடியாக மூடியது. மடிப்பு விழவில்லை, கிழியவும் இல்லை. அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தில், அலங்கரிக்கும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன்.

பத்து மணிக்கு அலங்காரம் செய்ய வெளியே எடுத்தேன். பத்தே நிமிடம். மேலெல்லாம் பளபளவென்று ஈரம், அப்புறம் துளித்துளியாகத் தண்ணீர். பதறிப்போய் டிஷ்யூவால் ஒற்றினேன். ஒற்றிய இடத்தில் மூன்று விரலும் பள்ளமாகப் பதிந்தது. விடிந்தால் அவர்கள் வந்துவிடுவார்கள். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சோள மாவு தூவ நினைத்தேன், அதுவும் தேய்க்கும்போதே தீர்ந்திருந்தது. அந்த நேரத்தில் மேலே மட்டும்தான் விளக்கு எரிந்தது. அக்காவும் நானும் அதுவரை படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

கதவைத் தட்டி, "கொஞ்சம் சோள மாவு இருக்குமா?" என்று கேட்டேன். என் கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "கேக்கா? வேர்க்குதா?" என்றார். தலையாட்டினேன். "மாவு போட்டுடாதீங்க, பசையாயிடும். நீங்க போங்க, நான் வர்றேன்" என்றார். இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தார், இடுப்பில் ஒரு டேபிள் ஃபேனை இடுக்கிக்கொண்டு.

பல வருஷமாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவராம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்து, கேக்குக்கு எட்டத் தள்ளித் திருப்பினார். ஜில்லென்று இருக்கிற டம்ளர் வெளியே எப்படி வேர்க்கிறதோ அதேதான் இதுவும், காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த கேக்கில் வந்து படிகிறது, கேக் அறையின் சூட்டுக்கு வந்துவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னார். சர்க்கரை ஈரத்தை இழுக்கும், நாம் துடைக்கத் துடைக்கக் கரைந்து போகும் என்றார். அப்புறம் என் கையைப் பிடித்து மேஜையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். "தொடாதீங்க. அது சரியாயிடும்."

38 நாளும் நான் அதிகம் கேட்ட வார்த்தை அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கதவைத் தொடாதீர்கள், இதைத் தொடாதீர்கள், குழந்தையை இப்போது தொட முடியாது. அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ஒரு முள்ளாகவே தங்கிவிட்டது. பெரியம்மா என்று பெயர், ஒரு விரலால்கூடத் தடவ முடியவில்லை. அதே வார்த்தையை இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அது சரியாயிடும்" என்று கூடவே சொன்னார். அப்போதுதான் அழுதேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. கையையும் விடவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள், கேக் மேல் தூங்குகிற மாதிரி வைக்கப்போகிற பாப்பா உருவத்துக்குப் போர்வையைச் செய்து முடிக்கலாம் என்றார். வெள்ளை ஃபாண்டன்டை மெல்லிசாகத் தேய்த்து, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஓரத்தில் தையல் மாதிரிப் புள்ளி வைத்தேன். காலணி ஒன்றில் முன்பக்கம் லேசாக விரிசல் விட்டிருந்தது. அதே ஃபாண்டன்டில் ஒரு துளி தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதுவே பசை என்று காட்டிக்கொடுத்தார். எல்லாமே சொன்னார், எதையும் செய்யவில்லை. எனக்குக் கை நடுங்கியது. "அக்கா, பாப்பா உருவத்தை மட்டும் நீங்க செஞ்சிடுங்க, உங்க கைக்கு நல்லா வரும்" என்று கெஞ்சிப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பெரியம்மா நீங்கதானே. செய்யுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

அவர் நினைத்திருந்தால் அரை மணியில் முடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம், அவருக்கு அதுதான் சுலபம். ஒன்றரை மணிவரை உட்கார்ந்து என்னைச் செய்யவிட்டார். மற்றவர் கோணலாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு கை நீட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, பிள்ளைகளுக்குப் பூ ஒட்டக் கற்றுக்கொடுத்திருக்கிற எனக்குத் தெரியும்.

தலைக்கு ஒரு உருண்டை. போர்வைக்கு அடியில் ஒரு மேடு வைத்தால் போதும், உடம்பு தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தலையை நிறுத்தப் பல்குச்சி எடுத்தேன். பிள்ளைகள் சாப்பிடுகிற கேக்கில் குச்சியே கூடாது என்று வேகவைக்காத ஸ்பகெட்டி ஒரு துண்டு குத்தச் சொன்னார். கடைசியில் கண். ஸ்ட்ரா ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதன் விளிம்பால் அழுத்தினால் அரைவட்டம் விழும், அதுதான் மூடிய கண். "ஒரே அழுத்து. திருத்தப் போகாதீங்க." அழுத்தினேன். ஒன்று, இரண்டு.

அத்தனை நாளும் அந்த மூடிய கண்களைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போதாவது திறக்க மாட்டாளா என்றுதான் கண்ணாடி வழியே பார்ப்பேன். என் மேஜையில் ஒரு குழந்தை போர்வைக்குள் கண்ணை மூடித் தூங்கியது, எனக்குப் பயமே வரவில்லை. நன்றாகத் தூங்கட்டும் என்று தோன்றியது.

கேக் காய்ந்திருந்தது. பளபளப்பு போய்ப் பழைய மாதிரி ஆகியிருந்தது. மூன்று விரல் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது, அதன்மேல் போர்வையின் ஓரத்தைத் தொங்கவிட்டேன். இனி ஃபிரிட்ஜில் வேண்டாம், அட்டைப் பெட்டியில் வைத்து மூடுங்கள், பிளாஸ்டிக் டப்பா கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா மேலே போனார். மறுநாள் வந்து கேக்கைப் பார்க்கக்கூட இல்லை. குடும்பமாக இருக்கிற நேரம் என்று விட்டிருப்பார்.

தங்கை பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காலணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, பாப்பாவின் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காலணி சின்னதாக இருந்தது. அந்த அளவு எடுத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குள் பாதம் வளர்ந்திருக்கிறது! அளவு தப்பிப்போனதற்கு நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். காலணியை மட்டும் யாரும் சாப்பிடவில்லை, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் இனி எந்த வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்தாலும், அந்த வீட்டில் யாருக்காவது தன் கையால் கேக் செய்ய ஆசை இருந்தால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். ஃபாண்டன்ட் பிசைந்து கொண்டுவருவேன். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா, உங்களிடம் நேரில் சொல்ல இரண்டு முறை மேலே வந்தேன், இரண்டு முறையும் வாசலிலேயே தொண்டை அடைத்துவிட்டது, திரும்பிவிட்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். உங்களுக்கென்று போர்வையோடு சேர்த்து ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். டேபிள் ஃபேனும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு தங்கை வருவாள். கையைக் கழுவிவிட்டு அவளைத் தொட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
கீழ் வீட்டுத் தங்கை