மலையில் எங்களை விட்டுவிட்டுப் போனது பற்றிய புகார்

அனுப்புநர்:
போட்டியாளர் எண்கள் 417, 418 சார்பாக,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர்,
சேற்றோட்டப் போட்டி நடத்திய நிறுவனம்.

பொருள்: காயம்பட்ட போட்டியாளர் மலையில் இருக்கும்போதே போட்டியை முடித்துக்கொண்டு கிளம்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பில் நீங்கள் நடத்திய 8 கிலோமீட்டர் தடைதாண்டும் சேற்றோட்டத்தில் நானும் என் அண்ணன் மகளும் கலந்துகொண்டோம். ஆளுக்கு 1,800 ரூபாய் கட்டினோம். காலை 8.40-க்குக் கிளம்பிய கடைசி அணி எங்களுடையது. மொத்தம் 18 தடைகள். பதினாறாவது தடையில் அவளுக்குக் கணுக்கால் பிசகியது. அங்கே உங்கள் ஆள் யாரும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்து, ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் தயவில் கீழே இறங்கினோம். வந்து பார்த்தால் பந்தலைப் பிரித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

சேற்றைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயலில், தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவு முடிந்த மறுநாளே இறங்கி நடந்து வளர்ந்தவள் நான். வயல் தொழியில் காலை நேரே மேலே இழுத்தால் வராது. குதிகாலை லேசாக அசைத்துக் காற்றுப் புக விட்டு, விரலைக் கீழே நீட்டி உருவ வேண்டும். ஆச்சி சொல்லிக்கொடுத்தது இது. ஓடும்போது அண்ணன் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஓட்டத்துக்காக ஐந்து மாதம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போய்ப் பயிற்சி செய்தேன். முதல் பத்துத் தடைகள் வரை அவ்வளவு நன்றாக இருந்தது. சுவரேறும் இடத்தில் நின்ற உங்கள் தன்னார்வலர்கள் இரண்டு பேர் எங்களைத் தோள் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் மலையடிவாரச் செம்மண் வயல் தொழி மாதிரி இல்லை. முந்தின இரவு மழை பெய்திருந்தது. மேலே வெண்ணெய் மாதிரி வழுக்கும், ஒரு சாண் கீழே போனால் சரளைக் கல். பதினாறாவது தடையில் கயிற்று வலை ஏறி மறுபக்கம் இறங்கும் இடத்தில் ஒரு சேற்றுக் குழி வைத்திருந்தீர்கள். கடைசிக் கயிற்றிலிருந்து அவள் குதித்தாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. காலை வெளியே எடுத்துவிட்டோம், காலணி சேற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. கையை விட்டுத் துழாவினேன். முழங்கை வரை உள்ளே போனது. இரண்டு உருண்டைக் கற்களுக்கு நடுவில் காலணியின் முனை செருகிக்கொண்டிருந்தது. மக்கள் குதிக்கப் போகிற குழி என்று தெரிந்தும், அதற்குள் ஒரு கம்பை விட்டுக் கல் இருக்கிறதா என்று பார்க்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா?

அப்போது மணி 11.15. உங்கள் விதித்தாளில், ஒவ்வொரு தடையிலும் போட்டியாளர்களைக் கவனிக்க ஒரு மார்ஷல் இருப்பார் என்றும், கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர் நடந்து வருவார் என்றும், மதியம் 1 மணிவரை பாதை திறந்திருக்கும் என்றும் இருக்கிறது. மார்ஷல் உட்கார வேண்டிய பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் அங்கே இருந்தது. பின்னால் யாரும் வரவில்லை. கைபேசியை கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பதும் உங்கள் விதி. அதனால் யாரையும் கூப்பிட வழியில்லை. எங்கள் அணியில் வந்த இரண்டு பையன்கள் எங்களைப் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சொல்கிறோம் என்று ஓடினார்கள். சொல்லவும் செய்தார்கள். முடிவிடத்து மேசையில் இருந்தவர், "சரி, ஆள் அனுப்புறோம்" என்றாராம். பின்னொரு நாள் அந்தப் பையன்களே என்னிடம் சொன்னது இது.

நானே இறங்கிப் போய் ஆளைக் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சிறுத்தையும் கரடியும் ஊருக்குள்ளேயே இறங்குகிற பக்கம் இது. 19 வயதுப் பெண்ணை, ஒரு காலை ஊன்ற முடியாத நிலையில், தனியே விட்டுவிட்டு எப்படிப் போவேன்? மேலே மரத்தடியில் அவளை இழுத்து உட்கார வைத்தேன். சேறு காய்ந்து அவள் காலில் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்தது. அதன் உள்ளே கணுக்கால் வீங்கிக்கொண்டே போவது தெரிந்தது. கையிலிருந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. "அத்தை, நம்மள மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, வந்துவிடுவார்கள் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

1.20-க்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பெரியவர் வந்தார். "ஏம்மா, எல்லாரும் போய்ட்டாவளே, நீங்க இங்கன உக்காந்து என்ன செய்யுதீய?" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. தலைத்துண்டை நனைத்துக் காலில் இறுகக் கட்டி, தன் தொரட்டிக் கம்பை அவளுக்கு ஊன்றக் கொடுத்து, ஆடுகளையும் பார்த்துக்கொண்டே 2.10-க்கு எங்களைக் கீழே சேர்த்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

எங்கள் இரண்டு பைகளும் தோப்புக் காவலரின் அறை வாசலில் கிடந்தன. என் கைபேசியில் மதினியிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். அதற்குமேல் 12.52-க்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி: எல்லாப் போட்டியாளர்களும் பத்திரமாக முடித்துவிட்டார்கள், நன்றி நெல்லை. அதோடு முடிவுப் பட்டியல். அதில் 417-க்கும் 418-க்கும் நேரே, தொடங்கிய நேரம் 8.40. முடித்த நேரம் இருக்க வேண்டிய இடத்தில் "முடிக்கவில்லை".

என் புகார் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. கணுக்காலில் டைமிங் சிப் கட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் அதைப் படிக்கிற பாய் விரித்திருந்தீர்கள். மேலே போனவர் யார், கீழே வராதவர் யார் என்று உங்கள் கணினிக்குத் தெரிந்திருந்தது. அதைப் பட்டியலாக்கி வெளியிட்ட உங்கள் ஆளுக்கும் தெரிந்திருந்தது. கவுண்டரில் இரண்டு பைகள் மிஞ்சியபோது அங்கே இருந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டிருந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் மேலே விடுவார்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கே அந்தக் கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் மலைக்கு ஆள் கூட்டிப்போகிற எவரும் 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடந்ததை மறக்கக் கூடாது. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத் தீயில் இறந்தார்கள். அந்த வருடமே அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. நம்முடையது மலையேற்றம் இல்லை, விளையாட்டு என்று நீங்கள் சொல்லக்கூடும். காட்டு ஓரத்தில் கால் பிசகி உட்கார்ந்திருக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று. ஓடி முடித்ததும் குளிக்க நல்ல தண்ணீர் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. நாங்கள் இறங்கியபோது குழாயும் இல்லை, லாரியும் இல்லை. என் முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு. அவளுக்கு உள்ளங்கையில் வெட்டு. ஆடு மாடு நடமாடும் சேறு என்றதும் மருத்துவர் டெட்டனஸ் ஊசி போட்டார். எலிக்காய்ச்சலுக்காக மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வருகிறதா என்று ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார். 2012-ல் அமெரிக்காவின் நெவாடாவில், மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த இதே மாதிரி ஓட்டத்தில் சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் போய் 22 பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். போட்டி நடத்துகிறவர்கள் படித்திருக்க வேண்டிய செய்தி அது. கழுவத் தண்ணீர் வைப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

அவளுக்கு எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. கல்லூரி விளையாட்டு விழாவில் அவள் ஓட வேண்டியது, அது போயிற்று. எக்ஸ்ரே, மருத்துவம், வண்டி எல்லாம் சேர்த்து 6,340 ரூபாய். ரசீதுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

புகாரைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் அலுவலகத்தில் இருந்தவர், "கையெழுத்துப் போட்டுத்தானே மேடம் ஓடினீங்க" என்றார். போட்டேன். விழலாம், சிராய்க்கலாம், எலும்புகூட முறியலாம் என்று ஒப்புக்கொண்டுதான் போட்டேன். விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று அந்தத் தாளில் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு போட்டியாளர்கள் மலையில் இருக்கும்போதே, அதுவும் 1 மணிக்கு முன்பே, போட்டியை மூடிவிட்டீர்கள் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். 12.52 செய்தி போன அதே குழுவில் அது தவறு என்று போடுங்கள். மருத்துவச் செலவையும் நுழைவுக் கட்டணம் 3,600 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். அடுத்த போட்டியில் சிப் கணக்கும் ஆள் கணக்கும் ஒத்துவரும் வரை பந்தலில் ஒரு கயிற்றைக்கூட அவிழ்ப்பதில்லை என்று விதித்தாளில் எழுதுங்கள். பணத்தைவிட எனக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அடுத்த முறை மேலே உட்கார்ந்திருக்கிற பிள்ளையோடு அத்தை இருப்பாள் என்று சொல்ல முடியாது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.

எங்கள் காலில் கட்டிய டைமிங் சிப்கள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. முடிவிடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இன்றுவரை யாரும் கேட்டு அழைக்கவும் இல்லை. ஆள் அனுப்பினால் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
போட்டியாளர் எண் 417