அப்பத்தாவின் பைண்டு புத்தகங்கள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

கீழவாசல் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பதினொரு பைண்டு புத்தகங்களையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். உன் அம்மா எடைக்குப் போடச் சொல்கிறாள். நீயோ போனில் படமெடுத்துக்கொண்டு தாளைத் தள்ளிவிடலாமா என்கிறாய். படமும் எடு, தாளையும் வை.

அப்பத்தா வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, முடிந்ததும் பைண்டு செய்து வைத்தவை அவை. கதை மட்டும் வேண்டுமென்றால் தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் மறுபதிப்பு கிடைத்துவிடும். அந்தப் பதிப்புகள் பலவற்றில் இல்லாதது படங்கள். கோபுலுவும் மணியமும் வாராவாரம் வரைந்தவை பத்திரிகைத் தாளிலேயே தங்கிவிட்டன. பின்பக்கத்து சோப்பு விளம்பரமும் கேள்வி பதிலும் அப்படித்தான்.

படமெடுக்க உட்காரும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் அந்தப் பத்திரிகை, அந்த ஆண்டு இருக்கிறதா என்று பார். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தேட வேண்டாம். பெயர்தான் நம்மூர், அங்கே இருப்பது பெரும்பாலும் இலக்கிய நூல்கள், அதுவும் எழுத்து வடிவில். வேறெங்கும் கிடைக்காத தொகுதியை முதலில் எடு.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன் மொட்டைமாடியில் வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டு. ஈரத்துணி கூடவே கூடாது. வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடுவது இராமபாணம். அதற்குக் கதை முக்கியமில்லை, பைண்டர் தடவிய மைதாப் பசைதான் விருந்து. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; கலக்காத புத்தகம் முதுகிலிருந்து அரிபடும். உயிருள்ள பூச்சி தென்பட்டால் பாலிதீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டி ஃப்ரீசரில் வை. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி அளவில்தான் இருக்கும் என்பதால் இரண்டு வாரம் விட்டுவிடு. எடுத்ததும் பையைப் பிரிக்காதே. ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்து சூடு சமமான பிறகு பிரி. இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். பூஞ்சைக்கு இந்த வைத்தியம் கேட்காது. அதை நிழலில் உலர்த்தி, தனியே வைக்க வேண்டும்.

இனிப் படம். போனை அந்தரத்தில் பிடித்து எடுத்தால் பத்தாவது பக்கத்தில் கை சலிக்கும், ஐம்பதாவதில் எல்லாமே கோணலாக இருக்கும். உயரம் ஒத்த இரண்டு ஸ்டூல்களை நகர்த்திப் போட்டு நடுவே இடைவெளியோடு இரண்டு பலகைகளை வை. அந்த இடைவெளியில் கேமரா நேர்கீழே பார்க்கும்படி போனைக் கிடத்து. ஜன்னல் வெயில் நேராக விழக்கூடாது. ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் பரவி விழும். இரவில் எடுப்பதானால் ஒரே கம்பெனி, ஒரே நிறம் கொண்ட 9 வாட் எல்இடி பல்பு இரண்டை இருபுறமும் சரிவாக வை. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் பக்கத்தின் பாதி காய்ச்சல் கண்டதுபோல இருக்கும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் அது பல்பின் துடிப்பு, பல்பை மாற்று. ஃப்ளாஷ் அணைந்தே இருக்கட்டும்.

பத்திரிகைத் தாள் மெலிசு. பின்பக்கத்து எழுத்து முன்னால் நிழலாடும். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், ஒரு கறுப்பு சார்ட் தாள் போதும். எடுக்கும் பக்கத்துக்குப் பின்னால் அதைச் செருகினால் மறுபக்க எழுத்து அடங்கிவிடும். செலவு பத்து ரூபாயோ என்னவோ, பலன் அதைவிடப் பல மடங்கு.

நெளிந்த பக்கத்தின் மேல் 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றை மெல்ல வை. தைத்த பைண்டை 180 டிகிரிக்கு மல்லாத்தாதே, நூல் தாளை அறுத்துவிடும். விரிந்த அட்டைக்கு அடியில் தலையணை கொடுத்து 110 டிகிரி அளவில் நிறுத்தி, முதலில் வலப்பக்கம் முழுவதையும் எடு. பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கம் முழுவதும். ஒற்றைப்படையையும் இரட்டைப்படையையும் கம்ப்யூட்டரில் கோத்துக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பதினைந்து விநாடி என்றால் 400 பக்கத் தொகுதி நூறு நிமிடம்.

எட்டுக்குப் பதினொரு அங்குலப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுக்க 2400க்கு 3300 புள்ளி வேண்டும், அதாவது சுமார் எட்டு மெகாபிக்சல். உன் 12 மெகாபிக்சல் போனே தாராளம், பக்கம் சட்டத்தை நிறைத்தால் சரி. ஸ்கேன் ஆப்பில் உள்ள கறுப்பு வெள்ளை ஃபில்டரைத் தொடாதே. எழுத்து பளிச்சென்று வரும், ஆனால் ஓவியரின் நிழல் தீட்டல் மசியாகக் கட்டிப்போகும். கலரிலேயே எடு, மூலப்படத்தை அப்படியே வை. நேராக்குவதும் ஓரம் வெட்டுவதும் பிரதியில்தான்; அதற்கு ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் போதும்.

எழுத்தாக மாற்றுவதற்குக் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழைப் படித்துக் கொடுக்கும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். இரண்டுமே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவோடு இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் சுழித்திருக்கும். ஆக மொத்தம் பதின்மூன்று எழுத்து. அரசாணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் மாறிவிடவில்லை. எந்தச் சுழி எந்த எழுத்தாகத் தப்பாக வருகிறது என்று முதல் பத்துப் பக்கத்தில் குறித்து வைத்தால், மீதிக்குத் தேடி மாற்றும் வேலைதான்.

ஃபைலுக்கு ஆண்டு, மாதம், தேதி, பிறகு மூன்று இலக்கப் பக்க எண் என்று பெயர் வை. படம் ஒன்றுக்கு 3 எம்பி என்றால் ஒரு தொகுதி 1.2 ஜிபி, பதினொன்றும் சேர்ந்து 13 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை உன் மெயிலும் போட்டோவும் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும். ஆகவே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கு. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவை நம்பாதே. அத்தைமார்களுக்கு வாட்சப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பு, படமாக அனுப்பினால் நசுங்கிவிடும். பொதுவில் ஏற்றும் முன் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்ததா என்று பார். ஓவியருக்கும் தனியே உரிமை உண்டு.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதே. சில வருடத்தில் பசை பழுத்துக் கசிந்து, ஒட்டிய வரியையே தின்றுவிடும். மறு பைண்டிங்குக்குக் கொடுக்கவும் அவசரப்படாதே. பைண்டர் மெஷினில் மூன்று பக்கமும் சீவுவார், ஏற்கெனவே ஒருமுறை சீவிய ஓரத்தில் இனி மிச்சம் எழுத்துதான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் "ஓரம் வெட்ட வேண்டாம்" என்று அட்டையிலேயே எழுதிக் கொடு. நூல் பிரித்த நிலையில் ஒரு நாள் திரும்ப வாங்கிப் படமெடுத்துவிடு, பக்கம் தட்டையாகப் படுப்பது அப்போதுதான்.

வைக்கும் இடம் பரண் வேண்டாம், அங்கே சித்திரைச் சூட்டில் தாள் அப்பளமாகிவிடும். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடு. கரையான் வருவது சுவர் வழியாகத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பார். பாச்சா உருண்டையின் நெடி நமக்கே நல்லதல்ல. துணியில் முடிந்த வசம்பு போதும், ஆனால் அது பூச்சியை விரட்டுமே தவிரக் கொல்லாது. உன் அம்மாவிடம் பட்டுப்புடவைத் தட்டுக்குக் கீழே ஒரு தட்டு மட்டும் கேள், தருவாள்.

தை பிறந்ததும் தொடங்கு, காற்று காய்ந்து வெயில் ஏறாத காலம். கண்ணாடி வாங்கும்போது ஓரம் தேய்த்துத் தரச் சொல்ல மறந்துவிடாதே, கையையும் கிழிக்கும், பக்கத்தையும் கிழிக்கும்.

அன்புடன்,
மாமா