கடைமடைக்கு முதல் முறை

மன்னார்குடி
ஐப்பசி, அடைமழை நாள்

அன்புள்ள மாப்ளைக்கு,

பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு நீ தமிழில் எழுதி அனுப்பிய விதிக்கட்டு போன வாரம் வந்து சேர்ந்தது. ஒரே இரவில் படித்து முடித்தேன். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். இங்கே நாலு நாளாக விடாத மழை. சம்பா நட்டு இருபது நாள்தான் ஆகிறது, வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. வெட்டிவிட ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள். உன் கடிதம் என்றதும், "அந்தக் கோணல் தாயக்கட்டைப் பையனா? சாப்பிட்டுக் கொழுத்திருக்கானா, அப்படியே இருக்கானா?" என்று விசாரித்தாள். அதற்கு நீயே பதில் எழுது.

விதிகளுக்கு வருகிறேன். முதல் பக்கத்திலேயே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஒரு பாத்திரத்தின் தொழிலையும் சக்தியையும் சொல்லும் பிரிவை, விடுதியில் ஆடிய நாளில் எல்லாரும் ‘கிளாஸ்’ என்றுதான் சொன்னோம். நீ அதைத் தமிழில் ‘வகுப்பு’ ஆக்கியிருக்கிறாய். அகராதிப்படி சரி. ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல் சும்மா இருந்ததில்லை. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட ஆணைக்கு வகுப்புவாரி உத்தரவு என்றே பெயர். கலவரம் வந்தால் வகுப்புக் கலவரம். சான்றிதழில் இருப்பதும் பிற்படுத்தப்பட்ட வகுப்புதான். ஒரு பிள்ளையிடம் “உன் வகுப்பு என்ன?” என்று கேட்டுப் பார். “எட்டாவது, பி பிரிவு” என்று சொல்லும். இல்லையென்றால் அதன் முகம் மாறும்.

அப்படி ஒரு முகம் மாறியதை நானே பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திண்ணையில் ஆறு பிள்ளைகளோடு ஆடுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? கோட்டையும் பனிமலையும் அவர்களுக்கு ஒட்டவில்லை. அதனால் கதையை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தேன். வாய்க்கால், மதகு, படுகை, பனங்காடு, கடலோரம் என்று வரைபடம் போட்டேன். ஐந்து கிளாஸ் எழுதினேன். அதில் ஒன்று நீர்க்கட்டி. மடையைத் திறந்து அடைப்பவர், இரவில் கரையைச் சுற்றி வருபவர், நண்டு வளையில் தண்ணீர் கசிவதைக் காலால் உணர்பவர். நம் மண்ணிலிருந்து வந்த கிளாஸ் என்று எனக்கு அதன்மேல் தனிப் பெருமை. பழங்கால ஊர் என்றால் உண்மையாக இருக்க வேண்டும் என்று, அந்தத் தாளில் இரண்டு வரி சேர்த்தேன்: தகப்பன் நீர்க்கட்டியாக இருந்தால்தான் எடுக்கலாம், பெரிய மனிதர்கள் முன்னால் பேசும்போது பகடையில் இரண்டு குறையும்.

எட்டாவது படிக்கும் ஒரு பெண் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். கீழே வைத்தாள். “சார், எங்க தாத்தா இந்த வேலைதான் பார்த்தாரு. நான் வேற எடுத்துக்கலாமா?” என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விசார்டை, அதாவது மந்திரவாதியை, எடுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் தாத்தா எங்கள் வயலுக்கும் தண்ணீர் கட்டியவர். அறுவடை முடிந்து களத்தில் அவருக்கு நெல் அளந்ததை நான் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்த வித்தையைச் சக்தியாக எழுதினேன். அவர் பட்ட அவமானத்தையும் அதே தாளில் விதியாக எழுதிவிட்டேன். விளையாட வந்த பிள்ளை அதை மறுபடி சுமக்க வேண்டுமா?

இந்தப் பிழை ஆட்டத்தின் அடித்தளத்திலேயே இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது கிளாஸ் மூன்றே: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் என்ற பூசாரி. அது தொழில் பிரிவு என்று சொல்லலாம். ஆனால் அப்போதே குள்ளர் இனத்தார் சண்டையில் ஆறாம் லெவலுக்கு மேல் போக முடியாது. மனிதனுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. 1981 பதிப்பில் இன்னும் ஒரு படி. மனிதனாகப் பிறந்தால் எந்தத் தொழிலையும் எடுக்கலாம். குள்ளனாகப் பிறந்தால் ‘குள்ளன்’ என்பதே உன் கிளாஸ். நாம் அந்தப் பழைய நகலை வைத்து எத்தனை இரவு ஆடினோம்! பிறப்பே தொழில் என்ற விதியை, அந்த விதியால் எரிந்த மண்ணில் பிறந்த நாம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஆடினோம்.

இப்போது 2024 பதிப்பில் ‘ரேஸ்’ (இனம்) என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மாங்க் என்ற துறவி கிளாஸின் சக்திக்கு இருந்த ‘கி’ என்ற கீழை நாட்டுப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். செய்ய வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. உள்ளே கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை மாற்றத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அதனால்தான் உன் கட்டில், கோபம் பொங்கிச் சண்டை போடும் பார்பேரியனை ‘மலைக்குடி’ என்று எழுதியிருப்பதை நான் பென்சிலால் அடித்தேன். கோபிக்காதே. கிரேக்க மொழி பேசாதவரைக் கிரேக்கர்கள் அழைத்த பெயர்தான் பார்பேரியன். கோபம் ஒரு மக்கள்கூட்டத்தின் சொத்து என்ற நினைப்பு அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது. தமிழில் எரிந்ததிலேயே பெரிய கோபம் எது? மதுரையை எரித்தது. அது எந்த மலையிலிருந்து வந்தது? பூம்புகாரில், நம் காவிரி கடலில் சேரும் இடத்தில், ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணிடமிருந்து வந்தது. அதுவரை அவள் குரலை உயர்த்தியதில்லை. அநீதி நடந்த அன்று, கையில் ஒற்றைச் சிலம்போடு, அரசன் முன்னால் நின்று வழக்காடி, மெய்ப்பித்துவிட்டுத்தான் எரித்தாள். இதை வைத்து ஒரு கிளாஸ் எழுது. பன்னிரண்டு முகப் பகடையை உயிர்ப் புள்ளிக்குக் கொடு, தாராளமாகக் கொடு. ஆனால் கோபம் பொங்குவதற்கு முன்னால், நடந்த அநீதி என்ன என்று ஆடுபவர் வாயால் சொல்ல வேண்டும், மேசையில் இன்னொருவர் “ஆமாம்” என்று சாட்சி சொல்ல வேண்டும். அப்போது யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். குடகு மலையாள், கடலோர ஆள், செட்டியார் வீட்டுப் பெண், யாராக இருந்தாலும் சரி.

நம் பண்பாட்டை ஆட்டத்துக்குள் கொண்டுவருவது என்றால் வேட்டியும் வேலும் வரைவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் கேட்க ஆரம்பித்திருக்கும் கேள்வி வேறு: இவருக்கு யார் படியளக்கிறார்கள்? பதிலுக்கு இவர் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? இதற்குப் பதில் எழுதிவிட்டால் கிளாஸ் தானாக எழுந்து நிற்கிறது.

இந்தக் கேள்வி எனக்குத் தஞ்சாவூரில் கிடைத்தது. புரட்டாசியில் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது அரைநாள் பெரிய கோயிலில் இருந்தேன். ராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீடு என்பதும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பிறகு பட்டியல் நீள்கிறது: வீணை, உடுக்கை, சங்கு, கணக்கர், குடை பிடிப்பவர், குயவர், நாவிதர், தையல்காரர், தச்சர். தேவாரம் பாட 48 பேர், அவர்களோடு கொட்ட 2 பேர், இவர்களுக்கு நாள்தோறும் நெல் என்று இன்னொரு கல்வெட்டு. உன் கட்டில் கிளெரிக்குக்கு இணை தேடித் தவித்திருக்கிறாயே, இங்கே இருக்கிறார்கள். கூர்முனை ஆயுதம் தொடக்கூடாது என்ற பழைய கிளெரிக் ஐரோப்பாவின் திருச்சபையில் பிறந்தவர். அவரை அப்படியே கூட்டிவந்து திருநீறு பூசிவிட்டால் ஓதுவார் ஆகிவிடமாட்டார்.

அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்திய இடம் இன்னும் பின்னால் வருகிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம்; அவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதி உள்ள ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். முதல் உரிமை பிறப்புக்குத்தான். அதை மறைக்க முடியாது. அந்தப் பெண்களின் விருப்பத்தைக் கேட்டா கூட்டிவந்தார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அதே கல்லில் ‘தகுதி’ என்று ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் அந்தக் கதவை மட்டும் வைத்துக்கொள்வோம். பெயரும் அங்கேயே கிடைத்துவிட்டது. ‘வகுப்பு’ வேண்டாம், ‘பங்கு’ என்று போடு. கூத்தில் ஏற்பதும் பங்கு, விளைச்சலில் வருவதும் பங்கு. “உன் பங்கு என்ன?” என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்கலாம்.

நீர்க்கட்டியை இப்படித் திருத்தி எழுதினேன். தகப்பன் வரி போயிற்று, பகடைக் குறைப்பும் போயிற்று. நம் ஊரில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வோம்? முறை வைப்போம். ஆட்டமும் முறை வைத்துத்தானே நடக்கிறது! அதனால் சண்டையில் யார் எப்போது ஆடுவது என்ற வரிசையை மாற்றும் சக்தி நீர்க்கட்டிக்கு மட்டும். ஒரு கட்டுப்பாடு உண்டு: கடைமடையில் இருப்பவருக்கு, அதாவது வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு, முதலில் முறை போக வேண்டும்; அவர் ஆடிய பிறகுதான் நீர்க்கட்டி தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்து பொருள் பிரிக்கும்போது ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து ஒரு படி அவருக்கு அளக்க வேண்டும். வாள் தூக்காமலே மேசையின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பாணனுக்கும் இதே வழிதான். அந்த ஆட்டத்தின் பாடகரான பார்டிடம் பாட்டு இருக்கிறது, புரவலர் இல்லை. நம் பாணர் பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில், பசித்த இன்னொரு பாணரைக் கண்டால் வழி சொல்லி அனுப்புவார். தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில் வழியில் கிடைக்கும் சோறுகூட விவரமாக வருகிறது. ‘ஆற்றுப்படுத்தல்’ என்று ஒரு சக்தி கொடு: தான் போய்வந்த இடத்தை அவர் வாயால் வர்ணித்தால், அந்த வர்ணனையில் உள்ள ஒவ்வொன்றும் அங்கே போகிறவருக்குத் துணையாகும். திருடன் பங்கில் எனக்குக் குறையில்லை. பூம்புகாரின் வெள்ளிடை மன்றத்தை மட்டும் சேர்த்துவிடு. காவலே இல்லாமல் பொதிகள் கிடக்கும். திருடியவர் கழுத்து சுமையால் இறங்கி, வெளியே போக முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். பூட்டைத் திறக்கத் தெரிந்தவரை ஒரு முறையாவது பூட்டில்லாத இடத்தில் நிறுத்திப் பார்க்க ஆசை.

போன ஞாயிறு புதிய நீர்க்கட்டி முதல்முறை மேசைக்கு வந்தார். எடுத்துக்கொண்டவன் பெரிய பண்ணை வீட்டுப் பையன். இடிந்த மதகுக்குள் சண்டை; அந்தப் பெண்ணின் விசார்டுக்கு வரிசையில் கடைசி இடம், உயிர் மூன்றே புள்ளி. அவன் யோசிக்கவே இல்லை, “கடைமடைக்கு முதல் முறை” என்று சத்தமாகச் சொன்னான். அவள் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டுப் பகடையை எடுத்தாள்.

நேற்று மழையில் குடையோடு வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். தாத்தாவிடம் படித்துக் காட்டினாளாம். இன்று காலையில் திருப்பிக் கொடுக்கும்போது, “தாத்தா ஒண்ணு தப்புன்னு சொன்னாரு சார். தொறக்கிறது எல்லாருக்கும் தெரியுமாம். எப்ப அடைக்கணும்னு தெரிஞ்சாத்தான் நீர்க்கட்டியாம்” என்றாள். அவர் சொன்னது சரி. அடைப்பதை எப்படி விதியாக எழுதுவது என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், பிடிபடவில்லை. நீ யோசித்து எழுது. பொங்கலுக்கு வரும்போது இருபது முகப் பகடை இரண்டு கொண்டுவா, இங்கே இருப்பதில் எண் தேய்ந்துவிட்டது.

உன்
பழைய அறைத்தோழன்