கழுகு அலகைப் பிடுங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆன்மிகப் பக்கத்தில் வந்த கழுகுக் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். கதை புதிதில்லை. 40 வயதில் கழுகுக்கு அலகு வளைந்துவிடுமாம், நகம் மழுங்கிவிடுமாம், இறகு கனத்துவிடுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் மோதி அலகை உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்குமாம், நகம் முளைத்ததும் இறகுகளைப் பிடுங்குமாம். 150 நாள் கழித்து, இன்னும் 30 ஆண்டு வாழ்வதற்குப் பறந்து வருமாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இது நான்கு முறை வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் ஒரு ரோஜாப்பூ படத்தோடு. அதை விட்டுத் தள்ளலாம். அச்சில் வந்ததை அப்படி விட முடியவில்லை.

காரணம் என் பேத்தி. தொடக்கநிலை 5 படிக்கிறாள். தமிழ் காதில் விழட்டும் என்று அவளுக்கு அந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “அஞ்சு மாசம் வாயே இல்லாம அது என்ன தாத்தா சாப்பிடும்?” என்று கேட்டாள். “அது கதைம்மா” என்றேன். “அப்போ பேப்பர்ல ஏன் நிஜம் மாதிரி போட்டிருக்காங்க?” என்றாள். நான் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன், பறவை நிபுணன் இல்லை. நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன்.

கழுகின் அலகு என்பது எலும்பின் மேல் போர்த்திய உறை. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், இரையைக் கிழிக்கக் கிழிக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். எலும்போடு உடைந்தால் மறுபடி முளைக்காது, கழுகு பட்டினியில் செத்துப்போகும். தவிர, காட்டில் திரியும் கழுகு 30 வயதைத் தாண்டுவதே அபூர்வம். 40 வயதில் மறுபிறவி எடுக்க ஆள் எங்கே?

இறகு மாற்றுவது மட்டும் உண்மை. ஆனால் மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு மொட்டையாக உட்கார்ந்திருப்பதில்லை. ஒன்றிரண்டாக உதிரும், அந்த இடத்தில் புதிது வளரும், பிறகு அடுத்தது உதிரும். பெரிய கழுகுகளுக்கு எல்லா இறகும் மாறி முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அது பறக்கிறது, வேட்டையாடுகிறது, குஞ்சுக்கு ஊட்டுகிறது. ஆன்மிகம் பேசுகிறவருக்கு இதில் சரக்கு இல்லையா? காலை ஷிப்டுக்கு ஓடிக்கொண்டும் பிள்ளையைத் துணைப்பாட வகுப்புக்குக் கூட்டிப் போய்க்கொண்டும் தன் கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பார்க்கிற ஒருவருக்கு, மலையுச்சியில் லீவு போட்டு உட்கார்ந்த கழுகு எப்படி உதவும்?

நம் முன்னோர் இப்படியா செய்தார்கள்? ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து’ என்கிறது குறள். காலம் வரும்வரை கொக்கு போல ஒடுங்கி இரு, வந்ததும் அது குத்துவது போலச் சட்டென்று செய்து முடி என்று பொருள். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் தினமும் ஒரு கொக்கு நிற்கும். கழுத்தை இழுத்துத் தோளுக்குள் செருகிக்கொண்டு, யாரோ வைத்துவிட்டுப் போன குடை மாதிரி நிற்கும். அதுதான் ‘கூம்பும்’. பிறகு ஒரே குத்து. நான் கண் சிமிட்டுவதற்குள் மீன் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கும். கூம்பல், குத்து என்று இரண்டே சொல். நீரோரம் நின்று பார்க்காத ஆளுக்கு அந்த இரண்டு சொல் வந்திருக்காது.

பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர், அதாவது எல்லாவற்றையும் துறந்து திரியும் துறவி, தமக்கு 24 குருமார்கள் என்று யது மன்னனிடம் சொல்கிறார். பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு, விட்டில், தேனீ என்று போகும் பட்டியல். அதில் இறைச்சியைக் கவ்விய பறவை ஒன்று. மற்ற பறவைகள் துரத்தித் தாக்குகின்றன, அது இறைச்சியைப் போட்டுவிடுகிறது, உடனே நிம்மதி. நம் பிரசங்கங்களில் பருந்து, மீன், காக்கை என்று சொல்வார்களே, அதே கதைதான். நான் இதை இங்கே சிங்கப்பூரில், லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் கண்ணால் பார்த்தேன். செம்பருந்து ஒன்று, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே அதுதான், மீனோடு எழும்பியது. நான்கு காக்கைகள் பின்னால் விழுந்தன. ஒன்று வாலைக் கொத்தியது. மீன் கீழே விழுந்ததும் நான்கும் மீனோடு இறங்கிவிட்டன, கருடனை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்: கதையில் போல அது கிளையில் போய் அமைதியாக உட்காரவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி தண்ணீருக்கு மேலே வட்டமடித்தது. அதற்கும் பசிக்கும் அல்லவா.

சரி, இந்த இடத்தில் நானே மாட்டிக்கொள்கிறேன். அதே அவதூதரின் கடைசி குரு குளவி. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைக்கிறது, புழு பயத்தில் குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகவே ஆகிவிடுகிறது. எதை நினைக்கிறாயோ அதுவாகிறாய் என்பதற்கு உவமை. ‘கொட்டக் கொட்டக் குளவி’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வார், பெரும்பாலும் எனக்கு வாய்ப்பாடு வராத நாட்களில்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தாழ்வார ஜன்னல் கம்பியில் ஒரு குளவி கூடு கட்டியது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று மனைவி யாரையும் தொட விடவில்லை. துப்புரவு செய்ய வந்த தம்பியின் துடைப்பம் பட்டு அது ஒருநாள் விழுந்து உடைந்தது. சுண்டு விரல் நுனி அளவு அறைகள். ஓர் அறையில் ஆறேழு பச்சைப் புழுக்கள் அடுக்கியது போல இருந்தன. செத்தவை இல்லை, ஈர்க்குச்சியால் தொட்டால் லேசாக நெளிந்தன. பக்கத்து அறையில் பச்சைப் புழு இல்லை, கொழுத்த வெள்ளைப் புழு ஒன்றுதான் இருந்தது. குளவியின் பிள்ளை. தாய்க்குளவி கூட்டில் முட்டையிட்டு, பச்சைப் புழுக்களைக் கொட்டி மரத்துப்போக வைத்து, உள்ளே அடைத்து, வாயை மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வந்தது அவற்றைத் தின்று வளர்கிறது. புழு குளவியாக மாறவில்லை, குளவிக்குச் சாப்பாடாகிவிட்டது.

அப்படியானால் பாகவதமும் வாட்ஸ்அப்பும் ஒன்றா? நான் அப்படி நினைக்கவில்லை. புழு உள்ளே போவதை அவர்கள் பார்த்தார்கள், சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருவதையும் பார்த்தார்கள். நடுவில் மண்சுவர். பார்க்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பினார்கள், ஊகம் தப்பிவிட்டது. கழுகுக் கதையை எழுதியவர் எந்த முனையையும் பார்க்கவில்லை. குளவிக் கதையை இனி பேத்திக்குச் சொல்லும்போது, அந்தக் காலத்தில் இப்படி நினைத்தார்கள் என்று சேர்த்துத்தான் சொல்வேன். அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

இயற்கையிடம் பாடம் கேட்டால் நமக்குப் பிடித்ததை மட்டும் அது சொல்லாது என்பதும் இருக்கிறது. இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூரை விட்டே போன பறவை, 1994ல் புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது, இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைகளுக்கே வருகிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு இடுக்கு வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் ஊட்டும். குடும்பப் பாசத்துக்கு இதைவிட உவமை உண்டா என்று பேச்சாளர்கள் கண் கலங்குவார்கள். அதே ஆண் பறவை வேறு பறவையின் கூட்டிலிருந்து குஞ்சைத் தூக்கி வந்தும் ஊட்டும். மேடையில் இந்தப் பாதி வருவதில்லை.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் சிறியது. கதையாகப் போடுங்கள், ‘கதை’ என்று மேலே ஒரு சொல் போட்டுவிடுங்கள். உண்மையாகப் போடுவதென்றால், எழுதுகிறவர் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுதட்டும். சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது. அங்கே சில கண்டல் மரங்களில் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும். பிள்ளையை எப்போது கையை விடுவது என்று தவிக்கிற பெற்றோருக்கு அங்கே ஒரு கட்டுரை காத்திருக்கிறது. யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் மறுபடி ஒரு குளவி மண் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறது, இம்முறை காலணி அலமாரிக்குப் பின்னால். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று மனைவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் முன் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். நேற்று வரை மூன்று அறை மூடியாகிவிட்டதாம்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகர்